வெள்ளாமைக்குப் பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்குவது எப்படி: தரையிலிருந்து செயின் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தை பிறந்து பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால், மட்டக்களப்புப் படுவான்கரையிலும் சரி, அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலும் சரி, நெல் எல்லாம் ஒரே நேரத்தில்தான் வந்து குவியும். அறுவடை மெசின் ஒரு பகலில் வெட்டித் தள்ளுவதை ஏற்றி இறக்க ஆள் கிடைப்பதில்லை. ஒரு மூட்டை 65, 70 கிலோ. காலம் முழுக்க அதை முதுகில் சுமந்த நாட்டாமைமாருக்கு இடுப்பும் முழங்காலும் போய்விட்டன. அவர்களுடைய பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை, வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால்தான் நெல்லை அரை டன் பிடிக்கும் ஜம்போ பையில் நிரப்பி மெசினால் தூக்குவோம் என்ற பேச்சு இப்போது சிறிய மில்காரர், விதைநெல் செய்பவர், நாலைந்து பேர் சேர்ந்து களஞ்சியம் நடத்துபவர் வரைக்கும் வந்திருக்கிறது. புது ஃபோர்க்லிஃப்ட் வாங்கும் வசதி இவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை. யப்பானில் ஓடி இங்கே வந்து இறங்கியதையோ, கொழும்புப் பக்கத்துக் கிட்டங்கிகளில் ஓடிக் களைத்ததையோதான் பார்க்கப் போகிறார்கள்.

போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் கொங்கிறீட் தளத்துக்காகச் செய்த மெசின். வயலுக்காகச் செய்ததல்ல. ஆகவே தேர்வு விற்பவருடைய யார்டில் தொடங்குவதில்லை, உங்கள் சொந்த வளவில்தான் தொடங்குகிறது.

முதலாவது: உங்கள் தரையைப் பாருங்கள்

2.5 டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடையே ஏறத்தாழ 3.7 டன் வரும். முழுப்பாரத்தையும் தூக்கினால் மொத்தம் 6 டன்னுக்கு மேல். அந்த எடை நாலு சில்லுக்கும் சமமாகப் பிரிவதில்லை. பாரம் முன்னால் இருப்பதால் பத்தில் எட்டரை, ஒன்பது பங்கு முன் சில்லுகள் இரண்டிலும் போய் உட்காரும். 5 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை 7.00-12 என்ற சிறிய டயர் இரண்டு தாங்குகிறது. பாரம் ஏந்தும் இரண்டு இரும்பு நாக்குகள்தான் ஃபோர்க், அவற்றை ஏற்றி இறக்கும் முன்பக்கச் சட்டம் மாஸ்ட். அந்த மாஸ்டுக்கு அடியில் தரைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளியோ 10, 12 சென்றிமீற்றர்தான், அரைச் சாண்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் இடத்தை நடந்து பாருங்கள். வயல் வரம்போரத்துக் களிமண் மாரியில் இதை விழுங்கிவிடும். எழுவான்கரை மணலில் முன் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். கிரவல் போட்ட முற்றம் கோடையில் தாங்கும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தாங்காது. நெல் காயவைக்கப் போட்ட 3, 4 அங்குலத் தளம் காயவைக்க மட்டும் போட்டது. பாரத்தோடு ஃபோர்க்லிஃப்ட் ஓடினால் முதல் போகத்திலேயே மூலைகள் உடையத் தொடங்கும். நன்றாக இறுக்கிய கிரவலின் மேல் கம்பிவலை வைத்து 6 அங்குலமாவது போட்ட கொங்கிறீட் வேண்டும். மெசின் ஓடும் பாதை முழுவதும் அப்படி வேண்டும், லொறி வந்து நிற்கும் இடமும் சேர்த்து. தளம் போடும் செலவை மெசின் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். பலர் இதைத் தனியாக, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். பிறகு அந்த மெசின் களஞ்சியத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

வேலை வயலோரத்திலேயே நடக்க வேண்டும் என்றால் ஃபோர்க்லிஃப்ட் உங்களுக்கு ஏற்ற பொருளல்ல, அதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் 45, 50 குதிரைவலு உழவு மெசினின் முன்னால் லோடர் பொருத்தி ஜம்போ பையைக் கொழுவித் தூக்கலாம். பின் ஹைட்ரோலிக்கில் பொருத்துகிற மாஸ்டும் உண்டு. பெரிய சில்லு, உயர்ந்த உடம்பு, சேற்றில் போகும் பழக்கம் எல்லாம் அதற்கு இருக்கிறது. அரை டன் பையைத் தூக்க அது போதும். பின்னால் தூக்கினால் முன் சில்லு எழும்பாமல் முன்னுக்குப் பாரம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கரடுமுரடான நிலத்துக்கென்றே பெரிய சில்லோடு செய்த ஃபோர்க்லிஃப்டும் இருக்கிறது. ஆனால் பழைய சந்தையில் அது எளிதில் அகப்படாது, அகப்பட்டாலும் பாகம் தேடுவது பெரும்பாடு.

மில், களஞ்சியம், உரக்கடை, விதை சுத்திகரிக்கும் இடம் என்று நல்ல தளம் உள்ளவர்கள் மேலே படியுங்கள்.

இரண்டாவது: எவ்வளவு பாரம், எவ்வளவு தூரத்தில்

90 சென்றிமீற்றர் அகல நீளமும் 110 உயரமும் உள்ள ஜம்போ பையில் நெல் 500 கிலோ சொச்சம் பிடிக்கும். அரிசி அதைவிட அடர்த்தி, எடை கூடும். பசளை 50 கிலோ பையாக பலட் என்ற மரத்தட்டு ஒன்றில் 20 அடுக்கினால் 1 டன், 30 என்றால் 1.5 டன். வெள்ளாமைக்காரருடைய பாரம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான். 1.5 டன் மெசினே போதும் என்று தோன்றும். அது எடையும் குறைவு, தளத்துக்கும் நல்லது. இருந்தாலும் 2.5 டன்னையே பாருங்கள் என்பது என் கருத்து. சந்தையில் அதிகம் இருப்பது அதுதான், பாகமும் அதற்குத்தான் சுலபமாகக் கிடைக்கும், விற்கப் போனாலும் ஆள் வரும். தளம் மெல்லியது, வாசல் சிறியது என்றால் மட்டும் 1.5.

மெசினில் எழுதியிருக்கும் 2,500 கிலோ என்பது எப்படி வைத்தாலும் தூக்கும் பாரமல்ல. ஃபோர்க் எழும்பி நிற்கும் முதுகிலிருந்து 500 மில்லிமீற்றர் தள்ளிப் பாரத்தின் நடு இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு. பாரம் முன்னுக்குப் போகப் போகத் தூக்கும் சக்தி குறையும். முன் அச்சின் நடுவிலிருந்து ஃபோர்க் முதுகுவரை 450 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் நடு 700 மில்லிமீற்றருக்குத் தள்ளிப்போனால் 2,500ஐ 950ஆல் பெருக்கி 1,150ஆல் வகுக்க வேண்டும். வருவது 2,065. நானூறு கிலோவுக்கு மேல் காணாமல் போய்விட்டது. ஜம்போ பையை ஃபோர்க் நுனியில் கொழுவித் தூக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும். பை ஊஞ்சல் ஆடும்போது பாரம் இன்னும் முன்னுக்குப் போகும். உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு கிறுகினால் மெசின் சரிந்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள தகட்டில் இருக்கும். எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எத்தனை கிலோ என்று. தகடு இல்லாத மெசினை வாங்காதீர்கள். தகடு விழுந்துவிட்டது என்று சொல்பவரிடம் மாஸ்ட் மாற்றியதா, முன்னால் தூக்கும் பாரத்துக்கு ஈடாகப் பின்னால் வைத்த பின்பாரம் மாற்றியதா என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் அடுத்த மெசினைப் பாருங்கள்.

மூன்றாவது: டீசலா, பெற்றோலா, பற்றரியா

யப்பான் மெசின்களில் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எஃப்டி என்றால் டீசல், எஃப்ஜி என்றால் பெற்றோல், எஃப்பி என்றால் பற்றரி. பின்னால் வரும் 25 என்பது 2.5 டன், 15 என்றால் 1.5. டொயோட்டா 7எஃப்டி25 என்று கண்டால் ஏழாவது வரிசை, டீசல், இரண்டரை டன்.

வளவுக்குள்ளும் வெளியிலும் ஓட வேண்டிய விவசாயிக்கு டீசல்தான் நான் சொல்வது. உழவு மெசினுக்கு எடுத்து வைக்கும் டீசல் இதற்கும் ஆகும், ஊர் மெக்கானிக்குக்கும் அந்த எஞ்சின் புதிதல்ல. 2022இல் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்ற அனுபவம் எல்லோருக்கும் உண்டு, அதனால் பற்றரி வாங்கினால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த யோசனையில் பிழை இல்லை. பூட்டிய களஞ்சியத்துக்குள் அரிசியோடு வேலை செய்பவருக்குப் புகையில்லாத மெசின் உண்மையிலேயே நல்லது. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பெரும்பாலான சார்ஜர்களுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். மில்லில் அது இருக்கும், வட்டைக்குள் இருக்கும் வாடியில் இருக்காது. மற்றது, பழைய பற்றரி மெசினில் நீங்கள் வாங்குவது முக்கியமாகப் பற்றரியைத்தான். 48 வோல்ட் என்றால் 24 செல். ஒவ்வொரு செல்லிலும் அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் வைத்துப் பாருங்கள். முழுச் சார்ஜில் 1.28 அருகில் நிற்க வேண்டும், ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் 0.03க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பற்றரி முடிவுக்கு வருகிறது. புதிதாகப் போடும் செலவு பழைய மெசின் விலையோடு போட்டிபோடும். மலிவாக இருக்கிறதென்று கார் பற்றரிகளை அடுக்கி ஓட்டுவதும் கூடாது. அந்தப் பெரிய பற்றரி ஒரு டன் அளவு எடையோடு பின்பாரமாகவும் நிற்கிறது. அதைக் குறைத்தால் தூக்கும் சக்தியும் குறையும்.

பெற்றோல் மெசினும் ஓடத்தான் செய்யும், சத்தமும் குறைவு. வருடம் முழுக்க ஓட்டும் செலவை நினைத்தால் விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் எடுங்கள்.

நான்காவது: வாசல் அளவு

மாஸ்ட் இறங்கி நிற்கும்போது எவ்வளவு உயரம், தலைக்கு மேல் உள்ள கூரைக்கம்பி எவ்வளவு உயரம் என்று அளந்து உங்கள் வாசலோடு ஒப்பிடுங்கள். 3 மீற்றர் தூக்கும் இரண்டடுக்கு மாஸ்ட் இறங்கியபோது 2 மீற்றர் அளவில் நிற்கும். கூரைக்கம்பி அதைவிடச் சற்று உயரும். ஏழரை அடி வாசல் இருந்தால் நெருக்கமில்லாமல் போய்வரலாம். முழுதாகத் தூக்கினால் மாஸ்டின் உச்சி 4 மீற்றருக்குப் போகும், களஞ்சியத்து வளையில் முட்டுமா என்றும் பாருங்கள். கொள்கலனுக்குள் போய் இறக்கும் வேலை இருந்தால் மூன்றடுக்கு மாஸ்ட் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டடுக்கே நல்லது: பாகம் குறைவு, எதிரில் பார்வை தெளிவு, பழுதும் குறைவு.

ஐந்தாவது: மணிக்கணக்கை எப்படி எடுத்துக்கொள்வது

"இது ஓடின மெசின் இல்ல தம்பி, ஸ்டோருக்குள்ள சும்மா நிண்டது" என்பது எல்லா யார்டிலும் கேட்கும் பேச்சு. மீற்றரும் 3,000 மணி என்று காட்டும். மீற்றரை மாற்றுவது பெரிய வேலையல்ல, அதனால் மெசினின் உடம்பைக் கேளுங்கள். பிறேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு மினுங்குகிறதா, ஸ்டியரிங்கில் உள்ள உருண்டைப் பிடி வழுவழுப்பாகிவிட்டதா, ஏறும் படியின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா? புது இருக்கை போட்டுப் பெயின்ட் அடித்தாலும் இவற்றை மாற்ற மறந்துவிடுவார்கள்.

ஒரு ஷிப்ட் ஓடும் கிட்டங்கியில் மெசின் வருடத்துக்கு 2,000 மணிவரை ஓடும். இரண்டு போகத்திலும் மாதம் ஒன்று, நாளுக்கு 6 மணி என்று ஓட்டினாலும் உங்களுக்கு வருடத்துக்கு 360 மணிதான். கிட்டங்கியில் இரண்டு மாதத்தில் ஓடுவதை நீங்கள் ஒரு வருடத்தில் ஓட்டுகிறீர்கள். ஆகவே ஒழுங்காக எண்ணெய் மாற்றி 8,000 மணி ஓடிய மெசின் உங்களுக்குப் பல வருடம் உழைக்கும். சொந்தப் பதிவேடு வைத்துப் பராமரித்த 8,000 மணி மெசினையும், வரலாறு தெரியாத 3,000 மணி மெசினையும் பக்கத்தில் வைத்தால் நான் முதலாவதையே எடுப்பேன். நமக்கு வரும் பழுதுகளில் பெரும்பங்கு ஓடித் தேய்ந்து வருவதல்ல, பத்து மாதம் சும்மா நின்று வருவது.

எஞ்சின் எதுவென்றும் கேளுங்கள். 2.5 டன் டீசல்களில் டொயோட்டா 1டிஇசட், ரீசீஎம்மில் இசுசு சி240, மிட்சுபிஷியில் எஸ்4எஸ், நிசானில் கியூடி32, கொமாட்சுவில் யன்மார் செய்த 4டி94 ஆகியவை உலகம் முழுக்கப் பரவியவை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் தேடினால் பாகம் கிடைக்கும் எஞ்சினாகப் பார்த்து எடுப்பது, அறுவடை நடுவில் நின்றுவிடும் நாளில் உங்களைக் காக்கும். வாங்குவதற்கு முன்பே தண்ணீர் பம்ப், ஸ்டாட்டர், ஓயில் ஃபில்டர் மூன்றுக்கும் கடையில் விலை கேட்டுப் பாருங்கள். மூன்றும் கையில் இருக்கிறது என்று ஒரு கடையாவது சொல்ல வேண்டும்.

ஆறாவது: நேரில் சோதிப்பது

காலையில் போங்கள், மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் வருமுன் ஸ்டாட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டாட் ஆகாத மெசினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறும்வரை காத்திருந்து மற்றவற்றைப் பாருங்கள்.

ஸ்டாட் பண்ணும் முன்: ஓயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. கியர் ஓயில் கருகிய மணம் அடித்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. மெசின் நின்ற இடத்தின் நிலத்தையும் பாருங்கள். கழுவிய மெசினில் கசிவு தெரியாது, நிலத்தில் தெரியும்.

ஸ்டாட் ஆனதும் வரும் வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் மறைய வேண்டும். சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஓயில் குடிக்கிறது. கறுப்புப் புகை காற்று ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம், இஞ்செக்டர் பிழையாகவும் இருக்கலாம். அது விலை பேச இடம் தரும் குறை, கைவிட வேண்டிய குறையல்ல. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஓயில் ஊற்றும் மூடியைக் கழற்றி மேலே வையுங்கள். இலேசாகத் துடித்தால் பரவாயில்லை. மூடியைத் தூக்கி எறிவதுபோல் காற்றுத் தள்ளினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது.

இனி மாஸ்ட். பணம் தின்னும் இடமும் உயிர் வாங்கும் இடமும் இதுதான், ஆறுதலாகப் பாருங்கள்.

தூக்கும் செயின் பல தகடுகளை ஊசியால் கோர்த்த செயின். அது இழுபட்டு நீள்வதை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வழி இருக்கிறது. செயினின் ஒரு பகுதி உருளையின் மேல் எந்நாளும் ஓடும், நுனியில் போல்ட்டோடு பிணைத்த பகுதி உருளைக்கே வராது. வராத பகுதியில் தேய்மானம் மிகக் குறைவு. அங்கே எத்தனை கண்ணி எடுக்க முடியுமோ, எட்டோ பத்தோ, ஊசி நடுவிலிருந்து ஊசி நடுவரை உருக்கு ரூலரால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே எண்ணிக்கைக் கண்ணியை உருளையில் ஓடும் பகுதியில் அளவுங்கள். 100க்கு 3க்கு மேல் நீண்டிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 190 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 196 என்றால் முடிந்தது. ஃபோர்க்கைச் சற்றுத் தூக்கிச் செயின் இறுகிய நிலையில் அளக்க வேண்டும், இரண்டு பக்கச் செயினையும் அளக்க வேண்டும், தூக்கிய பாகத்துக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்பது, ஊசித்தலை திரும்பியிருப்பது, துருப் பிடித்துப் பொங்கியிருப்பது எல்லாம் அதே தீர்ப்புத்தான். கல்முனை, நிந்தவூர், ஒலுவில் என்று கடற்காற்று அடிக்கும் இடத்தில் நின்ற மெசினில் செயினை இரண்டு தரம் பாருங்கள்.

ஃபோர்க்குக்குத் தடிப்பை நுட்பமாக அளக்கும் வேர்ணியர் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பகுதி தேயாது, அதன் தடிப்பை அளந்துகொள்ளுங்கள். பிறகு மடிப்புக்குச் சற்று முன்னால், தரையில் உரசும் பகுதியை அளவுங்கள். 40 மில்லிமீற்றர் 36 ஆகியிருந்தால் பத்தில் ஒன்று போய்விட்டது. அதோடு அந்த ஃபோர்க்கைக் கழிக்க வேண்டும். நாலு மில்லிமீற்றர்தானே என்று நினைக்கக் கூடாது. வளையாமல் தாங்கும் பலம் தடிப்பின் வர்க்கத்தோடு போகிறது: 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81. ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. மடிப்பில் வெல்டிங் தழும்பு கண்டால் பேச்சே வேண்டாம். ஃபோர்க் வெப்பம் ஏற்றிப் பதப்படுத்திய உருக்கு, ஊர் வெல்டிங் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1,070 மில்லிமீற்றர் ஃபோர்க்கில் நுனிகளுக்கிடையே 3 சென்றிமீற்றருக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது.

மாஸ்டின் உள்பக்கக் கால்வாயில் உருளை ஓடும் தடம் மினுங்க வேண்டும், சுரண்டுப்பட்டுக் குழி விழுந்திருக்கக் கூடாது. பெயின்ட் அடித்த மாஸ்டில் வெல்டிங் மூட்டுகளை நகத்தால் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் பெயின்டில் மயிரிழைக் கோடாகத் துருநீர் கசிந்திருக்கும்.

பிறகு பாரச் சோதனை. வெறும் மெசினை ஏற்றி இறக்கிக் காட்டுவது சோதனையே அல்ல. ஒரு பலட்டில் 50 கிலோப் பை 40 அடுக்கச் சொல்லுங்கள், 2 டன். யார்டில் பை இல்லாவிட்டால் 1,000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி இரண்டு. முதலில் ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி எல்லாம் சரிதானா என்று பார்த்துவிட்டு, பிறகு மேலே போங்கள். நடுங்காமல் ஒரே சீராக ஏற வேண்டும். தலை உயரத்துக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மாஸ்டில் சோக்கட்டியால் கோடு போட்டு, 10 நிமிடம் காத்திருங்கள். எண்ணெய் சூடான நிலையில் முழுப்பாரத்தோடு 10 நிமிடத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது. சீல் மாற்றுவது சிறிய வேலை. சிலிண்டர் தண்டில் குழி விழுந்திருந்தால் அது பெரிய வேலை, புதுச் சீலையும் அது கிழித்துவிடும். தண்டை ஒரு துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் கியர் போட்டால் உடனே இழுக்க வேண்டும், யோசித்து யோசித்து இழுத்தால் கியர்பெட்டி சரியில்லை. பாரத்தோடு சரிவில் கைப்பிறேக் போட்டால் அசையாமல் நிற்க வேண்டும். ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்புவது பின் சில்லு. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டொக் டொக் என்று ஆடினால் சில்லு திரும்பும் அச்சூசியான கிங்பின் தேய்ந்திருக்கிறது. அந்த மூட்டுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டவர், மற்றவற்றையும் அப்படித்தான் வைத்திருப்பார்.

டயர் விஷயம் சுருக்கமாக: உள்ளே காற்று இல்லாத முழு ரப்பர் டயர் ஆணி குத்தினாலும் நிற்காது, நல்ல தளத்துக்கு அது சிறந்தது. கிரவலிலும் ஓட வேண்டியிருந்தால் காற்று டயர். இரும்பு வளையத்தில் மெல்லிய ரப்பர் ஒட்டிய சிறிய சில்லு மெசின் மினுக்கிய தளத்துக்கு மட்டுமே, அதை எடுக்காதீர்கள்.

ஏழாவது: வெள்ளத்தில் நின்றதா?

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் நம்முடைய இரண்டு மாவட்டங்களும் வெள்ளத்தில் கிடந்தன. உள்ளூரில் மலிவாக ஒரு மெசின் வருகிறதென்றால் இதையும் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூலையில் காய்ந்த வண்டல், அல்டர்னேட்டர் செம்புச் சுருளில் பச்சை, இருக்கைக்கு அடியில் வயர் கட்டுகளுக்குள் மண், பின்பாரத்தின் துளைகளில் படிந்த சேற்றுக்கோடு. கழுவுகிறவர்கள் பின்பாரத்துத் துளைக்குள் கை விடுவதில்லை. முன் அச்சு எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எட்டாவது: பத்திரமும் கொண்டுவருவதும்

சேசிஸ் இலக்கம் உடம்பில் கொத்தியதும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். இறக்குமதி செய்ததென்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதி, விற்றவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள விற்பனைப் பத்திரம், இரண்டையும் வாங்குங்கள். பொது வீதியில் ஓட்டும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

கொழும்பிலிருந்து ஹபரணை, பொலனறுவை வழியாக மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். 4 டன் பாரத்தைச் சாய்தளம் உள்ள லொறியில்தான் ஏற்ற வேண்டும். மாஸ்டை இறக்கி, ஃபோர்க் தட்டில் படிய, நாலு மூலையிலும் இரும்புச் செயினால் கட்ட வேண்டும். கயிறு போதாது. இறக்குவதற்கு உங்கள் வளவில் என்ன ஏற்பாடு என்று லொறி புறப்படுமுன் யோசித்து வையுங்கள்.

ஒன்பதாவது: வந்து சேர்ந்த பிறகு

எஞ்சின் ஓயில், கியர் ஓயில், ஹைட்ரோலிக் எண்ணெய், எல்லா ஃபில்டரும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். பழையவர் எப்போது மாற்றினார் என்று சொன்னாலும் மாற்றுங்கள். அன்றைய மணிக்கணக்கைப் பெயின்டால் எஞ்சின் மூடிக்குள் எழுதிவையுங்கள்.

ஓட்டுவதற்கு ஒருவரை, அதிகம் போனால் இருவரை நியமியுங்கள். உழவு மெசின் ஓட்டத் தெரிந்த பையன் இதை உடனே ஓட்டிவிடுவான், ஆனால் பின்பக்கம் வீசித் திரும்பும் என்பது அவனுக்குப் பழக நாளாகும். அறுவடை நெருக்கடியில் மெசினைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். வேலை தொடங்குமுன் மஞ்சள் கோடு போட்டு அதற்குள் யாரும் வரக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஃபோர்க்கில் ஆளை ஏற்றித் தூக்குவது எந்த அவசரத்துக்கும் கூடாது. பல்ப் மாற்றுவதற்கும் கூடாது.

போகம் முடிந்து மெசினை நிறுத்தும்போது டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள். பாதி வெறுமையாக விட்டால் மாரிக் குளிரில் உள்ளே நீர் துளிர்த்து டீசலில் பூஞ்சணம் பிடிக்கும். ஃபோர்க்கைத் தரையில் இறக்கி விடுங்கள், செயினுக்கு எண்ணெய் தடவுங்கள், பற்றரி வயரைக் கழற்றுங்கள். காற்று டயர் என்றால் மரக்கட்டை வைத்து எடையைத் தாங்குங்கள். மாதம் ஒரு முறை ஸ்டாட் பண்ணி, சூடேறும்வரை ஓட விட்டு, மாஸ்டை முழுவதும் ஏற்றி இறக்குங்கள். சீல்கள் காயாமல் இருக்கும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலிக்கு வயர் உறை பிடிக்கும். எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கும் வேலையை அந்த மாதாந்த ஸ்டாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.